பெயர் அழிந்த ஃபிரேமில் ஆறு ஆண்டுகள்: வலக் கப் பற்றி ஒரு புகார்

போன வாரம் என் சைக்கிளின் வலக் கப், அதாவது மிதி அச்சைத் தாங்கி வலப்பக்கத்தில் திருகியிருக்கும் எஃகு வளையம், மறுபடியும் தளர்ந்துவிட்டது. பெடலைத் தாங்கும் கிராங்கைக் கழற்றி, கப்பை இறுக்கிவிட்டுக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நண்பர் கேட்டார்: "எனக்கும் இப்படிப் பெயர் தெரியாத பழைய ஃபிரேம் ஒன்று கிடைத்திருக்கிறது. உங்களுடையதைப் போலவே ஒற்றைக் கியர் வண்டியாக மாற்றிக்கொள்ளலாமா?" வேறொரு நாள் கேட்டிருந்தால் யோசிக்காமல் சரி என்றிருப்பேன். அன்று வாய் வரவில்லை. அவருக்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

என் கைக்கு வந்தபோது அந்த ஃபிரேமில் ஸ்டிக்கரும் இல்லை, முன்பக்கத்தில் முத்திரையும் இல்லை. யாரோ தூரிகையால் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். அடிப்பக்கத்தில் ஐந்து இலக்க எண் ஒன்று மட்டும் இருந்தது. தயாரிப்பாளர் யார் என்று தெரியாதவரை அந்த எண்ணால் பயனில்லை. ஆளுக்கொரு முறையில் எண் போட்ட காலம் அது. அதனால் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு வெர்னியர் காலிபரை எடுத்தேன்.

முதலில் குழம்பிப்போனேன். சீட் கம்பி 26.4 மி.மீ. நல்ல மெல்லிய குழாயில் செய்த பழைய எஃகு ஃபிரேம் என்றால் 27.2 இருக்கும் என்பதுதான் பலரும் சொல்லும் கணக்கு. கம்பி சிறியது என்றால் குழாயின் சுவர் தடிமன்; அப்படியானால் இது கனமான மட்டக் குழாய் என்று முடிவுகட்டப் பார்த்தேன். ஆனால் தூக்கினால் எடை அப்படித் தெரியவில்லை. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு சீட் குழாயின் வெளிவிட்டத்தை அளந்தேன். 28.6 இருக்கும் என்று நினைத்த இடத்தில் 28.0 இருந்தது. அதில் 26.4 கம்பி நுழைகிறது என்றால் குழாயின் சுவர் ஏறக்குறைய 0.8 மி.மீ.தான். மோசமில்லை! சீட் கம்பியின் அளவை மட்டும் வைத்து ஒரு ஃபிரேமைத் தாழ்வாக எடைபோடுவது தவறு என்று இதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

28.0 என்பது பிரெஞ்சு அளவு. சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் உறுதி இல்லை. பாட்டம் பிராக்கெட் ஷெல்லின், அதாவது மிதி அச்சும் கப்புகளும் உட்காரும் குறுக்குக் குழாயின், அகலம் 68 மி.மீ. ஆங்கில அளவும் 68, பிரெஞ்சு அளவும் 68. இத்தாலிய அளவான 70 இல்லை என்பது மட்டும் தெளிவானது.

விடையை வலக் கப்தான் சொன்னது. அதையும் எளிதில் சொல்லவில்லை. இடக் கப்பையும் அச்சையும் எடுத்த பிறகு, பெரிய போல்ட் ஒன்றை வலக் கப்பின் துளை வழியே நுழைத்து, இருபுறமும் வாஷர் வைத்து நட்டால் கவ்வினேன். வெளியே இருந்த போல்ட் தலையில் ஸ்பேனரை மாட்டி, அதன் பிடியில் நீளக் குழாய் ஒன்றைச் செருகினேன். ஆங்கில அளவில் வலப்பக்கம் இடதுமரை, அதாவது வழக்கத்துக்கு மாறாக எதிர்த்திசையில் இறுகும் மரை. கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். என் கைக்குப் பழகியிருந்ததும் அதுதான். இரண்டு மாலைப்பொழுதுகள் எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி திருப்பினேன். கப் இம்மியும் அசையவில்லை. மூன்றாம் நாள் திசையை மாற்றினேன். ஷெல்லுக்குள் இடப்பக்கத்திலிருந்து நீள சாக்கெட்டை விட்டு நட்டைத் திருகினேன். பட்டென்று ஒரு சத்தம். கப்பின் விளிம்பைச் சுற்றி கறுப்பு பெயின்ட் மெல்லிய வளையமாகப் பிளந்தது. அந்த இரண்டு நாளும் நான் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கப் வெளியே வந்ததும் மரை அளவியை வைத்துப் பார்த்தேன். மரைகளுக்கிடையே 1 மி.மீ. இடைவெளிக்கான தகடு ஒளி தெரியாமல் பொருந்தியது. விட்டம் 35. இரண்டு பக்கமும் வலதுமரை. சந்தேகமே இல்லை, பழைய பிரெஞ்சு அளவு. விட்டத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஆங்கிலக் கப் 34.8 இருக்கும், இடப்பக்கத்தில் ஓரிரு சுற்று உள்ளேயும் போகும். வலுக்கட்டாயமாகத் திருகினால் ஷெல்லின் மரை போய்விடும்.

அதன் பிறகு எல்லாமே ஒரு மயிரிழை வித்தியாசத்தில்தான் நின்றது. ஹேண்டில்பார் தண்டு 22.2 வாங்கியிருந்தேன், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 22.0 கேட்டது. உப்புத்தாளால் தேய்த்து இறக்கினேன். ஃபோர்க் திரும்புவதற்கான பேரிங்குகளை (ஹெட்செட்) மாற்றாமல் பழையதையே சுத்தம் செய்து பூட்டினேன். பின் கவட்டையின் அகலம் 120 மி.மீ.; ஒற்றைக் கியர் ஹப் தானாக உட்கார்ந்தது. சக்கர அச்சு உட்காரும் பிளவு முன்னோக்கிச் சாய்ந்து நீளமாக இருப்பதால், செயினை இழுத்துப் பிடிக்கத் தனியாக எதுவும் தேவைப்படவில்லை. முன்னால் 42 பல், பின்னால் 18.

ஓட்டத்தைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்ல மாட்டேன். ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய ஐந்து மீட்டர் போகிறது. வளைவில் எங்கே பார்க்கிறேனோ அங்கே போகிறது. கரடுமுரடான சாலையில் நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினாலும் மணிக்கட்டு வலிப்பதில்லை. இவ்வளவு நல்ல வண்டியை நான் வேறு ஓட்டியதில்லை.

ஆனால் அந்தக் கப்! மிதிக்க மிதிக்க, வலக் கப் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் மெல்ல நகரப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆங்கில அளவில் அங்கே இடதுமரை வைத்தார்கள். இங்கே வலதுமரை என்பதால் ஒவ்வொரு மிதியும் அதைக் கழற்றும் பக்கமே தள்ளுகிறது. முதலில் ஒரு சின்ன 'டிக்'. பிறகு மேட்டில் ஏறும்போது மட்டும் 'டிக், டிக்'. அது பெடலா, சீட்டா, செயினா என்று தேடி முடிப்பதற்குள் கிராங்க் ஆடத் தொடங்கிவிடும். எவ்வளவு பலமாக இறுக்கினாலும் சில மாதம்தான். மரைப் பசை போட்டபோது ஓராண்டு தாங்கியது. மரையையே நம்பாமல் இரு பாதிகளும் ஷெல்லுக்குள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும் வகைப் பாட்டம் பிராக்கெட் கிடைக்கிறது, தெரியும். பழைய கப்பில் பேரிங் குண்டுகள் ஓடும் தடம் இன்றும் கீறலில்லாமல் மின்னுகிறது. அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நண்பருக்கு: முன் குழாய்க்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். சுருக்கமோ புடைப்போ தட்டுப்பட்டால் அந்த ஃபிரேம் எங்கோ மோதியது, அத்தோடு விட்டுவிடுங்கள். சீட் கம்பி குழாயோடு இறுகிப்போகாமல் அசைகிறதா, அடிப்பகுதியில் துரு குழாயைத் தின்றிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, வேறு எதற்கும் செலவு செய்வதற்கு முன்னால், வலக் கப்பைக் கழற்றுங்கள். கடிகாரத் திசையில் கழன்றால் தாராளமாகக் கட்டுங்கள். எதிர்த்திசையில் கழன்றால் வேண்டாம். என் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டுவிடாதீர்கள்.

இந்த முறை பசை காய்ந்த பிறகு, கப்பின் விளிம்பிலிருந்து ஷெல் வரை வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவைத்தேன். நேற்று நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கோடு நேராகத்தான் இருக்கிறது.