தஞ்சாவூர் ஓவியமா, டிஜிட்டல் படமா?

வரவேற்பறைச் சுவருக்கு, படக் கோப்புகளைத் திரையில் காட்டும் டிஜிட்டல் சட்டகம் வாங்குவதா, தஞ்சாவூர் ஓவியம் வாங்குவதா என்று ஆராய்ந்து, இறுதியில் ஓவியத்தையே வாங்கினோம். டிஜிட்டல் படங்களும் குறிகளும் கலையல்ல என்று கருதி எடுத்த முடிவு அல்ல இது. ஷிகேதக்கா குரித்தா ஜப்பானின் டோகோமோ கைபேசிச் சேவை நிறுவனத்துக்காக 1999-இல் வடிவமைத்த 176 எமோஜிகளை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016-இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. மின்னஞ்சல் முகவரியின் நடுவே வரும் ‘அட்’ குறியை அதற்கு முன்பே, 2010-இல், சேர்த்திருந்தது. நீளத்தில் 12, அகலத்தில் 12 புள்ளிகளே கொண்ட கட்டத்துக்குள் குடையையும் இதயத்தையும் பார்த்தவுடன் புரியும்படி அமைத்த அந்தச் சிக்கனம் உயர்ந்த கலைத்திறன் என்றே நான் மதிக்கிறேன்.

விலையிலும் இடத்திலும் சட்டகமே சிக்கனமானது. அதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985-இல் அமிகா கணினியில் வரைந்த படங்கள் பிளாப்பி வட்டுகளிலேயே முடங்கிக் கிடந்தன. வட்டுகள் கையில் இருந்தும், கோப்பின் வடிவம் வழக்கொழிந்துவிட்டதால், கார்னிகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினர் முயன்று 2014-இல்தான் அவற்றை வெளிக்கொணர முடிந்தது. தென்கொரியாவின் குவாச்சனில் நாம் ஜுன் பைக் என்ற காணொளிக் கலைஞர் 1988-இல் 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கி எழுப்பிய கோபுரமோ, படக்குழாய்கள் பழுதாகி 2018-இல் நிறுத்தப்பட்டு, நெடிய சீரமைப்புக்குப் பிறகு 2022-இல் மீண்டும் ஒளிர்ந்தது. பெரிய நிறுவனங்களுக்கே இத்தனை பாடு என்றால், கடவுச்சொல்லும் மென்பொருளும் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு வீட்டில் கோப்பை யார் தலைமுறைதோறும் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பார்கள்?

தஞ்சாவூர் ஓவியத்தைப் பார்க்க வெளிச்சம் போதும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சிட்டு, புடைப்பு வேலை செய்து, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டி, பிறகு வண்ணம் தீட்டுகிறார்கள். இதற்குப் பகை ஈரமும் கரையானும்தான். அவை வந்தாலும் கண்ணுக்குத் தெரியும், இன்றும் இதே முறையில் வேலை செய்யும் ஓவியர்களிடம் கொடுத்துச் சீர்செய்யலாம். எங்கள் ஓவியம் புதியது என்பதால் அதன் ஆயுளுக்கு என் அனுபவத்தைச் சான்றாகக் காட்ட முடியாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள பழைய தஞ்சாவூர் ஓவியங்களைப் பார்த்தே இந்த நம்பிக்கை கொண்டேன். வாங்குவோர் பலகையின் பின்புறத்தைப் பார்த்து, அது பலாமரமா, ஒட்டுப்பலகையா என்று கேட்டுக்கொள்வதும், மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாமல் தவிர்ப்பதும் நல்லது.

ஆனால் திரைக்கென்றே பிறந்த அசையும் படைப்புகளையோ எமோஜிகளையோ அச்சிட்டுச் சட்டமிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றை விரும்புவோர் சட்டகத்தையே வாங்கி, மூலக் கோப்புகளை இரண்டு தனித்தனி இடங்களில் சேமித்து, கருவியை மாற்றும் ஒவ்வொரு முறையும் அவை திறக்கின்றனவா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.