டெக்ஸ்டரா, தி ஃபாலா?

இரட்டை வாழ்க்கை வாழும் கொலைகாரனைப் பற்றிய இந்த இரண்டு தொடர்களில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், தயங்காமல் ‘தி ஃபால்’ என்பேன்.

‘டெக்ஸ்டர்’ (2006–2013) குறைந்ததல்ல. மயாமி காவல்துறையில் ரத்தத் தெறிப்பை ஆராயும் நிபுணன், சட்டத்திடம் தப்பிய கொலைகாரர்களை ரகசியமாகக் கொல்கிறான். வளர்ப்புத் தந்தை ஹாரி வகுத்துத் தந்த விதிமுறை அவனுக்கு வேலி. நமக்கோ அது வசதியான சாக்கு. அவன் மனக்குரலிலேயே கதை நகர்வதால், மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாமும் பதறுகிறோம். டைட்டில் காட்சியைக் கவனியுங்கள்: முகச்சவரம், முட்டை, ஆரஞ்சுப் பழம், ஷூ கயிறு. அன்றாடக் காலை வேலைகள்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் வன்முறை நெளிகிறது. ஜான் லித்கோ மிரட்டும் நான்காவது சீசன்தான் உச்சம். பிறகு சரிவு, எட்டாவது சீசனின் முடிவு ரசிகர்களுக்குச் செய்த அநியாயம்.

பெல்ஃபாஸ்டில் நடக்கும் ‘தி ஃபால்’ (2013–2016) அந்தச் சாக்கை நமக்குத் தருவதே இல்லை. பால் ஸ்பெக்டர், உறவுகளை இழந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லும் ஆலோசகன்; இரண்டு குழந்தைகளின் தகப்பன். அவன் கொல்வது குற்றவாளிகளை அல்ல, தனியாக வாழும் பெண்களை. கொலைகாரன் யாரென்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுவதால், மர்மத்தின் இடத்தைப் பயம் பிடித்துக்கொள்கிறது. கில்லியன் ஆண்டர்சன் நடித்த, அவனைத் தேடும் காவல் அதிகாரி ஸ்டெல்லா கிப்சன், கொல்லப்பட்ட பெண்கள் வெறும் வழக்கு எண்களாகிவிடாமல் காக்கிறார். எனக்கு இந்தத் தொடர் பிடித்ததற்கு முதல் காரணமே அதுதான். மொத்தம் 17 அத்தியாயங்கள். மூன்றாவது சீசனில் மட்டும் வேகம் குறைகிறது.