ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக்: கட்டை இல்லாத கீபோர்டு

மைக்ரோஃப்ரீக் என்ற சிந்தசைசரில் (சுருக்கமாகச் சிந்த்; மின்சாரத்தில் ஒலியை உருவாக்கும் கருவி) விரலுக்கு அமுங்கிக் கொடுக்கும் கட்டை ஒன்றுகூடக் கிடையாது. 25 கட்டைகளும் தட்டையான சர்க்யூட் போர்டில் அச்சடித்த படங்கள்தான். விரல் பட்டால் ஸ்வரம் வரும், எடுத்தால் நிற்கும். 1973-ன் புக்லா மியூசிக் ஈசல் சிந்திலும் 1978-ல் இங்கிலாந்தில் வந்த வாஸ்ப் சிந்திலும் இதே வகைத் தொடுபலகைதான். பிரான்சின் கிரெனோபிளில் இருக்கும் ஆர்ட்டூரியா 2019-ல் அதை ஒரு கிலோ எடையுள்ள சின்னப் பெட்டியில் வைத்துத் தந்தது. இதை வாங்குவதற்கு முதல் காரணம் இந்தப் பலகைதான். வாங்கியபின் வரும் எரிச்சலில் பாதிக்கும் அதுவே காரணம்.

பலகை உங்கள் அழுத்தத்தை அளப்பதில்லை. விரல் எவ்வளவு பரப்பைத் தொடுகிறது என்று மட்டும் பார்க்கிறது. நுனி பட்டால் குறைவு, விரலைச் சாய்த்துப் படுக்க வைத்தால் அதிகம். ஓங்கிக் குத்தினாலும் பலன் இல்லை. நீளமாக நகம் வளர்த்தவர்களுக்குப் பல இடங்களில் ஸ்வரமே வராது. பழகிவிட்டால் ஒவ்வொரு விரலும் தொடும் பரப்பு தனித்தனியாகப் பதிவாகும். யூஎஸ்பி வழியே கணினியில் இருக்கும் சிந்தையும் அப்படியே இயக்கலாம். இந்த விலைக்கு அது பெரிய விஷயம்.

கமகம் வாசிக்க நினைப்பவர்கள் இப்படி முயலலாம். ஆஸிலேட்டரில் (ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி) கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் வகையைத் தேர்ந்தெடுங்கள், மீட்டிய தந்தி போல ஒலிக்கும். பாராஃபோனிக்கை (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் முறை) அணைத்துவிடுங்கள். மேட்ரிக்ஸில் (எது எதை மாற்ற வேண்டும் என்று இணைக்கும் புள்ளிக் கட்டம்) ப்ரஸ் (விரல் தொடும் பரப்பு) வரிசையும் பிட்ச் (ஸ்வரத்தின் உயரம்) பத்தியும் சந்திக்கும் புள்ளிக்கு என்கோடர் குமிழைத் திருப்பி, ஒரு முறை அமுக்கி, அளவைக் கொஞ்சமாக ஏற்றுங்கள். விரலை முழுக்கப் படுக்க வைத்தால் ஸ ரி-யைத் தொட வேண்டும், அதற்குமேல் போகக்கூடாது. ஏமாறும் இடம் இதற்கு அடுத்துதான் வருகிறது. விரலைத் தட்டையாக இறக்கினால் ஸ்வரம் தொடங்கும்போதே ஏறிப்போய் அபஸ்வரமாகக் கேட்கும். நுனியால் தொட்டு, அதன்பிறகு சாய்க்க வேண்டும். அப்படியும் ஏறினால் யூட்டிலிட்டி மெனுவில் ஆஃப்டர்டச் (தொட்டபின் விரலைச் சாய்ப்பதன் விளைவு) தொடங்கும் அளவைக் கூட்டுங்கள். சரியாக அமைந்துவிட்டால், பிட்ச் வீலை உருட்டி வாசிக்கும் கமகத்தைவிட இது எவ்வளவோ மேல்.

நம் ஊர் வெயிலில் வியர்த்த கையோடு தொட்டால் பலகை குழம்பும். தொடாத ஸ்வரம் கேட்கும், அல்லது விரலை எடுத்தும் ஸ்வரம் நிற்காது. பக்கத்தில் ஒரு மைக்ரோஃபைபர் துணியை வைத்துக்கொண்டு அடிக்கடி துடைத்துவிடுங்கள். எர்த் இல்லாத பவர் பேங்கில் ஓட்டும்போது தொடுகை மந்தமாகத் தெரிந்தால், ஆடியோ கேபிளை எர்த் உள்ள மிக்ஸரில் சொருகிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆன் செய்யும் நேரத்தில் பலகைமேல் கை வைக்காதீர்கள்.

ஒலி எப்படி? ஆஸிலேட்டர் டிஜிட்டல், ஃபில்டர் (ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டுவது) அனலாக். ஃபில்டர் மிதமாக வெட்டும் 12 டெசிபல் வகை; தாழ், நடு, உயர் ஒலிகளை மட்டும் விடும் லோ, பேண்ட், ஹை மூன்றும் உண்டு. ஆஸிலேட்டர் வகைகளில் ஏழு, மியூட்டபிள் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம் ஓப்பன் சோர்ஸாக விட்ட பிளெயிட்ஸ் மாட்யூலின் நிரலில் இருந்து வந்தவை. பிளெயிட்ஸ் வாங்கத் தனியாகப் பணம் சேர்த்தவர்களுக்கு வயிறு எரியும். பின்னால் வந்த ஃபர்ம்வேர்களில் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) நாய்ஸ் எஞ்சினியரிங் நிறுவனத்தின் மூன்று வகைகளும், 2023-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் சாம்பிளும் (பதிவுசெய்த ஒலி) கிரானுலரும் (அதைத் துணுக்குகளாக்கி ஒலிப்பது) சேர்ந்தன. எல்லாமே இலவசம். பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் முதலில் அப்டேட் செய்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

ஐந்து வரிசை, ஏழு பத்தி, மொத்தம் 35 புள்ளிகள் கொண்ட மேட்ரிக்ஸ்தான் பெட்டியின் மூளை. கடைசி மூன்று பத்திகளுக்கு அசைன் பட்டனைப் பிடித்துக்கொண்டு எந்த நாபைத் திருப்புகிறீர்களோ அதுவே இலக்காகிவிடும்.

நான்கு ஸ்வரம் சேர்ந்து ஒலித்தாலும் நான்குக்கும் ஃபில்டர் ஒன்றே, ஆகவே பாலி சிந்த் (ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி ஃபில்டர் உள்ளது) என்று நினைத்து வாங்காதீர்கள். ரிவெர்ப், டிலே போன்ற எதிரொலி எஃபெக்ட் எதுவும் உள்ளே கிடையாது. வெளியே ஒரு பெடல் இல்லாவிட்டால் ஒலி வறண்டு நிற்கும். அவுட்புட் மோனோ. லேப்டாப்பின் யூஎஸ்பியிலேயே மின்சாரமும் எடுத்து ஆடியோவையும் அதே லேப்டாப்பின் இன்டர்ஃபேஸில் கொடுத்தால் கீச்சென்று ஒரு இரைச்சல் கூடவே வரும், அது கிரவுண்ட் லூப் (மின்சாரமும் ஆடியோவும் ஒரே எர்த் வழியில் சுற்றுவது). கூட வரும் 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டுங்கள், அவுட்புட்டுக்கு டிஆர்எஸ் கேபிள் (மூன்று தொடர்பு உள்ளது, இரைச்சலைக் குறைக்கும்) போடுங்கள். இரண்டே தொடர்பு உள்ள டிஎஸ் கிட்டார் கேபிள் போட்டுவிட்டு இரைகிறது என்று புலம்புபவர்கள் நிறைய.

டிரம் மெஷினோடு இணைக்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. கோர்க் வோல்கா பெட்டிகளின் சிங்க் ஜாக் (தாளத்தை ஒத்துப்போக வைக்கும் துளை) ஒரு பீட்டுக்கு 2 பல்ஸ் அனுப்பும். மைக்ரோஃப்ரீக்கின் கிளாக் அமைப்பு 24-ல் இருந்தால் சீக்வென்சர் (ஸ்வர வரிசையைத் தானாக வாசிப்பது) 12 மடங்கு மெதுவாக நகரும். ஓடவே இல்லை என்றுதான் தோன்றும். யூட்டிலிட்டியில் 2-க்கு மாற்றினால் தாளத்தில் சேர்ந்துவிடும். மிடி (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் சமிக்ஞை) 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் வருகிறது. அந்த ஜாக்குக்குச் சந்தையில் இரண்டு விதமான வயரிங் உண்டு, மாறிப்போனால் சத்தமே வராது. எனவே பெட்டியோடு வரும் அடாப்டர்களைத் தொலைத்துவிடாதீர்கள்.

வோக்கோடருக்காக (குரலைச் சிந்த் ஒலியாக மாற்றுவது) வெள்ளை நிறப் பதிப்பைத் தேடி அலைய வேண்டாம். ஃபர்ம்வேர் புதிதாக இருந்தால் சாதாரணப் பதிப்பிலும் அது உண்டு. மைக் உள்ள போன் ஹெட்செட்டை ஹெட்ஃபோன் ஜாக்கில் சொருகினால் போதும். பழையது வாங்குவதானால் 25 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, நுனியிலிருந்து படுக்கை வரை சாய்த்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட முந்திக்கொண்டு ஏறினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.