ரூபியா, யாகா, வனடேட்டா? முதலில் பம்பை முடிவு பண்ணுங்கள்

வீட்டு மேசையில் திடநிலை லேசர் கட்ட நினைப்பவர்கள் முதலில் தேடுவது கல்லைத்தான். ஆனால் காசு கரைவதும் உயிருக்கு உலை வைப்பதும் பம்ப், அதாவது கல்லுக்கு ஒளியாக ஆற்றல் ஊட்டும் பகுதி. ஃபிளாஷ் விளக்கா, டையோடா என்று தீர்மானித்துவிட்டால் கல் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

ஆசை என்னவோ ரூபி மேல்தான். 1960 மே மாதம் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் இயக்கிய முதல் லேசரே சுருள் ஃபிளாஷ் விளக்குக்குள் வைத்த ரூபித் தண்டுதான். 694 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. சிக்கல், இது மூன்று மட்டக் கல்: அயனிகள் வழக்கமாக இருக்கும் அடிமட்டமே லேசரின் கீழ்மட்டம். குரோமிய அயனிகளில் ஏறக்குறைய பாதியை மேலே ஏற்றிய பிறகுதான் லேசர் பிறக்கும். அதுவரை கொட்டும் ஆற்றல் திரும்பாத முன்பணம். ஓரளவு பெரிய தண்டு நூற்றுக்கணக்கான ஜூல் கேட்கும். நகைக்கடைச் செயற்கைக் கெம்பை வைத்து ஒப்பேற்றலாமா என்றால், அதுவும் நடக்காது. லேசர் ரூபியில் குரோமியம் ஆக்சைடு 0.05 சதவீதம் அளவுதான். பார்க்க வெளிறிய ரோஸ் நிறம். அடர் சிவப்புக் கல்லில் குரோமியம் மிக அதிகம்.

நியோடிமியம் கலந்த யாக் (இட்ரியம் அலுமினியம் கார்னெட் கல்), 1964இல் பெல் ஆய்வகத்தில் வந்தது. நான்கு மட்டம், லேசரின் கீழ்மட்டம் அறை வெப்பத்தில் காலியாகவே கிடக்கும். அதனால் சின்னத் தண்டுக்குச் சில ஜூல்களே போதும். வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். ஃபிளாஷ் விளக்கோடு தொடங்குபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒன்றைக் கவனியுங்கள்: மேலே ஏற்றிய அயனி அங்கே தங்கும் நேரம், அதாவது மேல்மட்ட ஆயுள், யாக்கில் சுமார் 230 மைக்ரோவினாடி, ரூபிக்கு 3 மில்லிவினாடி. கேமரா ஃபிளாஷ் முழு அளவில் ஒரு மில்லிவினாடி வரை இழுக்கும். ரூபிக்கு அது சரி. யாக்கில் பெரிய துடிப்பு வேண்டுமென்றால் பாதி வீண். 200 மைக்ரோவினாடிக்குள் முடியும்படி கெப்பாசிட்டரையும் அதோடு இணைக்கும் கம்பிச் சுருளையும் அமைக்க வேண்டும்.

அந்தக் கெப்பாசிட்டர்தான் பயம். 100 மைக்ரோஃபாரட், 800 வோல்ட் என்றால் 32 ஜூல். ஸ்விட்சை அணைத்த பிறகும் அப்படியே காத்திருக்கும். வடிகால் ரெசிஸ்டரை நிரந்தரமாக இணைத்துவிட்டு, மீட்டரில் சுழியம் பார்த்த பிறகே கை வையுங்கள்.

டையோடு பக்கம் உயர் மின்னழுத்தம் இல்லை. ஆனால் தலைவலி வேறு. பம்பாக வைக்கும் 808 நானோமீட்டர் டையோடு ஒரு டிகிரி சூடானால் அதன் அலைநீளம் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். யாக் உறிஞ்சும் அலைநீளப் பட்டை மெல்லியது. பத்து டிகிரி ஏறினால் பம்ப் ஒளியில் பெரும்பகுதி கல்லைத் தாண்டிப் போய்விடும். பெல்டியர் (மின்சாரத்தால் குளிரூட்டும் தகடு) வைத்துக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். நியோடிமியம் கலந்த இன்னொரு கல்லான வனடேட் இங்கேதான் ஜெயிக்கிறது: பட்டை அகலம், உறிஞ்சலும் பலம், சில மில்லிமீட்டர் துண்டே போதும். மலிவான பச்சை லேசர் பாயின்டருக்குள் இருப்பது பெரும்பாலும் இதுவும், இதன் ஒளியைப் பச்சையாக்கும் கேடிபி கல்லும்தான். தொடர் ஒளிக்கு வனடேட். பெரிய ஒற்றைத் துடிப்புக்கு யாக். வனடேட்டின் ஆயுள் சுமார் 100 மைக்ரோவினாடிதான், ஆற்றலைத் தேக்கி வைக்காது, வெப்பத்தையும் யாக் அளவுக்குக் கடத்தாது.

நியோடிமியம் கண்ணாடி? பெரிய தண்டாகக் கிடைக்கும், ஆனால் சூட்டை வெளியேற்றாது. ஒரு ஃபிளாஷ் அடித்துவிட்டு ஆறும்வரை உட்கார்ந்திருக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

யாக், வனடேட் இரண்டும் தரும் 1064 நானோமீட்டர் ஒளியும் சரி, டையோடின் 808உம் சரி, விழித்திரையைச் சுடும். கண்ணுக்கோ சரியாகத் தெரியாது. பச்சைக்கான பாதுகாப்புக் கண்ணாடி இவற்றைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள்; அதன் மேல் அச்சிட்டிருக்கும் அலைநீளத்தைப் படித்து வாங்குங்கள்.

பழைய யாக் தண்டு வாங்கினால் லென்ஸை வைத்து முனைகளைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பூச்சில் சின்னக் குழிகள் தெரிந்தால் அங்கே ஏற்கெனவே எரிந்திருக்கிறது. விலையைப் பாதியாகக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.