போட் கீ ஆத்தங்கரை: அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போன அனுபவம்

ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க, மெரினா பே, சந்தோசா எல்லாம் ரெண்டே நாள்ல முடிஞ்சிடுச்சு, மூணாவது நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்கி போட் கீங்கிற பழைய படகுத்துறைக்கு நடந்தோம். சிங்கப்பூர்ல எங்க போகலாம்னு யார் கேட்டாலும் இனிமே நான் முதல்ல சொல்ற இடம் இதுதான், நடந்து பாக்க ஒத்த வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவில்ல.

சிங்கப்பூர் ஆத்தோட வளைவ ஒட்டி வரிசையா ரெண்டு மாடி மூணு மாடி ஷாப்ஹவுஸ் (கீழ கடை, மேல வீடுன்னு கட்டின பழைய கட்டடம்), ஓட்டுக் கூரை, மர ஜன்னல், அதுக்குப் பின்னாடியே வானத்த முட்டுற பேங்க் கட்டடங்க. இந்த வளைவு கெண்டை மீன் வயிறு மாதிரி இருக்கு, ராசியான எடம்னு அந்தக் காலத்து சீன வியாபாரிங்க நம்பி இங்கயே கடை போட்டாங்களாம். இப்ப பாக்க இவ்ளோ அழகா இருக்கே, ஒரு காலத்துல ஆறு நாறிட்டு கெடந்துச்சு. 1977-ல அப்போதைய பிரதமர் லீ குவான் யூ, பத்து வருஷத்துல இந்த ஆத்துல மீன் புடிக்கிற மாதிரி ஆகணும்னு சொன்னார், பன்னிப் பண்ணை, வாத்துப் பண்ணை, ரோட்டுக் கடைங்க எல்லாத்தையும் அப்புறப்படுத்தி, 83-ல சரக்கு ஏத்துற தொங்கான் படகையெல்லாம் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பி, 87-ல வேலைய முடிச்சிட்டாங்க. ஆறு சுத்தமாச்சு, ஆனா படகு போனதும் பொழப்பும் போச்சு, கட்டடங்க காலியா நின்னுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். 89-ல இத பாதுகாக்குற பகுதின்னு அறிவிச்சாங்க, இடிக்கக் கூடாது, முகப்ப மாத்தக் கூடாதுன்னு விதி போட்டு, கரைய, நடைபாதைய அரசாங்கம் பாத்துக்கிச்சு, கட்டடத்த ரிப்பேர் பண்ற செலவு ஓனருங்க தலையில. நூறு ஓனர் இருந்தா நூறு மாதிரிதான் இருக்கும், ஒரு கடை பளபளன்னு, பக்கத்துக் கடை பெயின்ட் உரிஞ்சு, எனக்கு அதுதான் நெஜமான தெரு மாதிரி இருக்கு. கொஞ்சம் மேல போனா கிளார்க் கீ, அங்க பழைய கிடங்குங்கள மொத்தமா டெண்டர் விட்டு ஒரே டெவலப்பர் கையில குடுத்தாங்க, 93-ல திறந்தது, அப்புறம் தெருவுக்கு மேல பெரிய பெரிய குடை மாதிரி கூரையும் போட்டாங்க. மழைக்கும் வெயிலுக்கும் நல்லாத்தான் இருக்கு, ஆனா உள்ள போனா மால்ல நிக்கிற மாதிரியே ஒரு ஃபீல், அம்மா பத்து நிமிஷத்துல போதும்னுட்டாங்க. 2012-ல ஆத்தங்கரை முழுக்க பாத்துக்க சிங்கப்பூர் ரிவர் ஒன்னுன்னு தனியார் முன்னெடுத்து நடத்துற ஒரு அமைப்பையும் ஆரம்பிச்சாங்க.

சாப்பாட்டு விஷயத்துல மட்டும் உஷார். போன வருஷம் ஃப்ரெண்ட்ஸோட வந்தப்ப கடைக்கு முன்னாடி அஞ்சடி நடைபாதையில நின்னு கூப்பிட்ட ஆளப் பாத்து ஒரு கடல் உணவுக் கடையில உக்காந்துட்டோம், நண்டுக்கு நூறு கிராம் விலைய மட்டும் சொன்னாங்க, எடை எவ்ளோன்னு சொல்லல, பில்ல பாத்து வயிறு எரிஞ்சு போச்சு. எடை போட்டு மொத்த விலைய சொன்ன பிறகு சரின்னு சொல்லுங்க.

இந்த தடவை சாப்பாட்ட விட்டுட்டு கேவனா பாலத்துல நடந்தோம். 1869-ல கட்டினது, மூணு ஹண்ட்ரட்வெயிட்டுக்கு (சுமார் 150 கிலோ) மேல எடை உள்ள வண்டி, மாடு, குதிரை போகக் கூடாதுன்னு பழைய போர்டு இன்னும் அப்படியே இருக்கு. பாலத்துக்குக் கிட்ட பசங்க ஆத்துல குதிக்கிற சிலை, அம்மா அங்கதான் அதிகமா போட்டோ எடுத்தாங்க. எதிர்க் கரையில ஆசிய நாகரிக அரும்பொருளகத்து (மியூசியம்) பக்கம் செட்டியார் சிலை ஒன்னு இருக்கு, தமிழ் ஆளுங்க யாரும் அத விட்டுட்டு வராதீங்க. அப்பா அத சுத்தி சுத்திப் பாத்தார். அவருக்கு சிவகங்கைப் பக்கம், "எங்கூர்ல கப்பலேறிப் போனவுகள கொண்டுவிக்கப் போயிருக்காகன்னு சொல்லுவாக, இங்கனதானா வந்தாக"ன்னு கேட்டார். கொண்டுவிக்கப் போறதுன்னா கடல் தாண்டித் தொழில் பண்ணப் போறது. இதே ஆத்துல 1860கள் வரைக்கும் சரக்குப் படகு ஓட்டினதுல பெரும்பாலும் தென்னிந்தியாவுலேருந்து வந்த நம்மாளுங்கதான், அப்புறம்தான் சீனங்க கைக்குப் போச்சுன்னு சொன்னேன், ரொம்ப நேரம் தண்ணியவே பாத்துட்டு இருந்தார்.

அப்புறம் அவர் கேட்டதுக்காக மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் போனோம், நம்மாளுங்க செட்டித் தெருன்னு சொன்ன தெரு அதுதான். ஒரே ஹால்ல பல செட்டியாருங்க ஆளுக்கொரு பெட்டிய வச்சு வட்டிக்கடை நடத்தின கிட்டங்கிங்க இருந்த எடம். போட் கீக்குக் கெடச்ச பாதுகாப்பு அதுக்குக் கெடைக்கல, முன்னாடியே இடிச்சாச்சு, ஆத்துலேருந்து அஞ்சு நிமிஷ நடைதான், எனக்கு மனசே ஆறல. "இதுல எந்த எடம்டா?"ன்னு அப்பா கேட்டார். எல்லாமே கண்ணாடிக் கட்டடம், நான் எதக் காட்டுவேன்.

திரும்ப ஆத்துப் பக்கமே வந்துட்டோம். அம்மா கால் வலிக்குதுன்னு படிக்கட்டுல உக்காந்தாங்க, லைட்டெல்லாம் போட்டுட்டாங்க, காத்து நல்லா வந்துச்சு, ஒன்பது மணி வரைக்கும் ரெண்டு பேரும் எந்திரிக்கவே இல்ல.