வேலூர் எம்.சி.ஆர். செருப்பு: வாங்கும் முன் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்

எம்.சி.ஆர். செருப்பை, அதாவது சர்க்கரை நோயாளிகளுக்கான சுகர் செருப்பை, கேட்டால் வேலூர் ஐடா ஸ்கடர் ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் எந்தக் கடையிலும் எடுத்துக் காட்டுவார்கள். பாதம் மரத்துப்போனவர்களுக்கு இந்தச் செருப்பு அவசியம், கொடுக்கிற காசுக்கு நியாயமான பொருள். ஆனால் அந்தப் பெயரில் தொங்குவதெல்லாம் அது இல்லை. நல்ல ஜோடியை வாங்கிவிட்டும் பலர் அதைப் போட வேண்டிய விதத்தில் போடுவதில்லை.

எம்.சி.ஆர். என்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர். இது நம்ம ஊர்க் கதைதான். 1946இல் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் ஏன் கரைந்துபோகிறது என்று ஆராய்ந்தார். கிருமி சதையைத் தின்பதால் அல்ல. வலி தெரியாததால் ஒரே இடத்தில் அழுத்தம் விழ விழ நடந்துகொண்டே இருப்பதால்தான் புண்ணாகிறது என்று கண்டார். 1950களில் அந்தப் பாதங்களுக்காக வேலூரிலும் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் வளர்ந்ததுதான் இந்த ரப்பர் செருப்பு. டைப் 2 சர்க்கரையும் நாளடைவில் கால் நரம்பை அதே மாதிரி மரக்கச் செய்கிறது. நோய் வேறு, பாதத்துக்கு நேர்வது ஒன்றுதான்.

சுகர் இருக்கிற எல்லோருக்கும் இது தேவையில்லை. டாக்டரிடம் 10 கிராம் நைலான் இழைச் சோதனை கேளுங்கள். பாதத்தின் சில இடங்களில் அந்த இழையை அது வளைகிற அளவுக்கு மட்டும் அழுத்துவார்கள். எல்லா இடத்திலும் உணர்ச்சி தெரிந்து, ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, விரல் மடங்குதல், ஆணிக்கால் போன்ற கோளாறும் இல்லையென்றால் அளவு சரியான சாதாரணச் செருப்பே போதும். வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்துக்கொள்ளலாம். உணர்ச்சி குறைந்திருந்தால் எம்.சி.ஆர். வேண்டும். ஏற்கெனவே புண் இருந்தால் செருப்புக் கடைக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புண்ணிலிருந்து பாரத்தை முழுக்க எடுக்கிற வேலையை ரெடிமேட் செருப்பு செய்யாது. பாதம் உருமாறியவர்களுக்கும் ரெடிமேட் ஒத்துவராது. அளவெடுத்துச் செய்வதுதான் வழி.

இனி பொருளைப் பார்ப்போம். கால் படும் மேல் தட்டு 10 மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். அதன் மென்மை, ரப்பரின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ஷோர் அளவில் 15 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. கடையில் அதை அளக்கக் கருவி ஏது? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். மேல் தட்டை இரண்டுக்கும் நடுவே பிடித்து அழுத்துங்கள். ஏறக்குறைய பாதி கனத்துக்கு அமுங்கி, விட்டதும் நிமிர்ந்தால் சரி. அடிவரை அமுங்கிக் குழி விழுந்தபடி நின்றால் அது வெறும் ஸ்பாஞ்ச். சில வாரத்தில் அப்பளமாகிவிடும். அமுங்கவே மறுத்தால் சாதாரண ஹவாய் ரப்பர். நிறத்தை நம்ப வேண்டாம். கறுப்பு, நீலம் எல்லாம் சாயம்தான்.

மெத்தென்ற தட்டுக்குக் கீழே கெட்டியான இன்னொரு சோல் இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். இதைத்தான் நம் பக்கம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பாலாற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் கிடக்கிற வேலிக்காத்தான் முள் வெறும் எம்.சி.ஆரில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். மரத்த காலுக்கு அது தெரியாது; முள்ளோடு நாள் முழுக்க நடந்துவிட்டு ராத்திரி ரத்தக் கறையைப் பார்த்துத்தான் தெரியும். கெட்டி சோல் இருந்தாலும் போடும் முன் ஒவ்வொரு தடவையும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கல், முள், பிரிந்த தையல் எதுவானாலும் கைக்குத் தெரியும்.

வார் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் வரும் மாடல் வேண்டாம். அந்த இடம் உராய்ந்து கொப்புளமாகும். தவிர, விரலால் கவ்விப் பிடித்து நடக்க மரத்த காலால் ஆகாது, செருப்பு வழியில் கழன்றாலும் தெரியாது. குறுக்கே இரண்டு வார், அளவைக் கூட்டிக் குறைக்க வெல்க்ரோ, குதிகாலைச் சுற்றிப் பின்வார், இதுதான் சரியான அமைப்பு. வாரின் உள்பக்கம் மெல்லிய தோலோ துணியோ இருக்கட்டும், ரெக்சின் வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பக்கத்திலேயே இருக்க, ரெக்சினுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஆணி, தகடு எங்கேயும் கூடாது. ஒட்டும் தையலும் மட்டுமே.

நம்பர் சொல்லி வாங்காதீர்கள். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது காகிதத்தின் மேல் நின்று இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டு, வெட்டி எடுத்துப் போங்கள். வெட்டிய காகிதத்தைச் செருப்பில் வைத்தால் நீளத்தில் 1 முதல் 2 சென்டிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். அகலத்தில் காகிதம் எங்கேயும் வெளியே நீட்டக் கூடாது. பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவை எடுங்கள். “போட்டா லூஸாயிடும் சார்” என்று கடைக்காரர் இறுக்கமானதை நீட்டினால் வாங்காதீர்கள். வலி தெரியாதவருக்கு இறுக்கமான செருப்புதான் கச்சிதமாகத் தோன்றும், ஆபத்தே அதுதான்.

முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட வேண்டாம். கழற்றியதும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள், குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அந்த ஜோடி ஒத்துவராது, மாற்றிவிடுங்கள். ஒத்துவந்தால் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம்.

குறைகளும் உண்டு. கனம் அதிகம். மழையில் நனைந்தால் ஒட்டு பிரியும். வெல்க்ரோவில் தூசி அடைத்துப் பிடிப்பு போய்விடும், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கத்திரி வெயிலில் வாசலில் விட்டுவைத்தால் ரப்பர் கெட்டியாகிவிடும். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போக வெட்கப்பட்டு, அன்றைக்குப் பார்த்துப் பழைய செருப்பைப் போடுகிறவர்கள் அதிகம். செருப்பின் குற்றம் அல்லாத இரண்டு தவறுகளும் உண்டு. ஒன்று, பின்வாரை மடக்கி மிதித்துக்கொண்டு நடப்பது. இன்னொன்று, வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு இருப்பது. சுகர்காரர் அதிகம் நடப்பது வீட்டுக்குள்தானே? வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி வாங்குங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் மாதிரி கல் தளத்தில் செருப்பு போட வழியில்லை. வெயில் ஏறும் முன் காலையிலேயே போய் வந்துவிடுவதுதான் நல்லது.

மேல் தட்டு அழுத்தம் விழும் இடங்களில் குழிந்து, கட்டைவிரல் சோதனையில் நிமிராமல் போனால் அதன் ஆயுள் முடிந்தது. தினமும் போட்டால் ஒரு வருஷத்துக்குள்ளேயே இது வரலாம். வாரும் அடி சோலும் நன்றாக இருந்தால் தட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். செருப்பு தைப்பவரிடம் கொடுக்கும்போது ஆணி அடிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள், வாங்கும்போது உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.