எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் ஏழு ஆண்டுகள்

புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். மூலப்பிரதி, மெய்ப்பு, அகராதி என்று மூன்று சாளரங்கள் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். 4 ஜிபி ரேம் மட்டுமே உள்ள மடிக்கணினியில் 2017இல் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 9 நிறுவினேன். அதில் சாளரங்கள், பட்டைகள், அமைப்புகள் எல்லாம் அடங்கிய டெஸ்க்டாப் சூழலை நாமே தேர்ந்துகொள்ளலாம். எக்ஸ்எஃப்சிஇ அவற்றில் ஒன்று; அதற்கு முன் வேறு இரண்டைப் பயன்படுத்தினேன்.

முதலில் க்னோம். தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளிலேயே சேர்த்துவிடலாம். அந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் சாளரம் மாற்ற ஒவ்வொரு முறையும் முழுத்திரைக் காட்சிக்குப் போய்வருவது என் வேலைக்கு ஒத்துவரவில்லை. அடுத்து கேடிஇ பிளாஸ்மா. எதையும் விரும்பியபடி மாற்றலாம். அந்தச் சுதந்திரத்தில் மாலைப்பொழுதுகள் பல கரைந்தன. கோப்புகளை அட்டவணைப்படுத்தும் பாலூ ஓடத் தொடங்கினால் என் பழைய வன்தட்டு திணறும். அதை நிறுத்திவைத்துத்தான் பயன்படுத்தினேன்.

2018 இறுதியில் எக்ஸ்எஃப்சிஇக்கு வந்தேன். தமிழ்த் தட்டச்சுக்கு உள்ளீட்டு மென்பொருளான ஐபஸ், அதற்குத் தமிழ் விசை அமைப்புகளைத் தரும் எம்17என் பொதி இரண்டையும் நிறுவி, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டியிருந்தது. ஒருநாள் வேலைதான். காணொளி ஓடும்போது படம் குறுக்கே கிழிவதுபோல் தெரிந்தது. சாளர மேலாளரில், வரைவதைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைக்கும் விபிளாங்க் அமைப்பை மாற்றியதும் சரியானது. சாளரத்தின் ஓரம் மயிரிழைபோல இருப்பதால் சுட்டியில் அகப்படாது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப் பொத்தானால் இழுத்தால் எங்கிருந்தும் அளவை மாற்றலாம். புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

நான் இங்கேயே தங்கியதற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல. 2019இல் டெபியன் 10க்கு மாறியபோதும் எக்ஸ்எஃப்சிஇயின், 2015இல் வெளிவந்த அதே 4.12 பதிப்புதான் இருந்தது. என் கைப்பழக்கம் எதுவும் வீணாகவில்லை. டெபியன் 11இல் வந்த 4.16 பதிப்பில் அமைப்புப் பெட்டிகளின் தலைப்புப் பட்டை மாறியது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் 4.18இல் துனார் கோப்பு மேலாளருக்கு இரட்டைப் பலகம் வந்தபோது உள்ளம் குளிர்ந்தது. எஃப்3 விசையை அழுத்தினால் திருத்திய கோப்புகள் ஒருபுறம், திருத்தாதவை மறுபுறம்.

இடையில் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினேன். இப்போது டெபியன் 13, எக்ஸ்எஃப்சிஇ 4.20. திரையோரப் பட்டையும் குறுக்குவிசைகளும் 2018இல் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

இருந்தாலும் அடர்த்தி மிகுந்த புதிய திரை வைத்திருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றரை மடங்கு உருப்பெருக்கம் இங்கே சரிவர அமையாது. சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலேண்டுக்கான ஆதரவு 4.20இலும் சோதனை நிலையில்தான் இருக்கிறது. அக்கா மகள் அப்படியொரு கணினி வாங்கியபோது பிளாஸ்மாவைத்தான் நிறுவிக்கொடுத்தேன். பாலூவை நிறுத்தவில்லை; அவளுடைய கணினி அதைத் தாங்குகிறது.